வாசகர் கேள்வி – பதில்: வாங்குபவர் ஒருவர், சுமப்பவர் வேறொருவர்

நுகர்வால் மனித சமுதாயத்துக்கு விளையும் நன்மை தீமைகளைப் பற்றிக் கேள்விகள் அனுப்புமாறு வாசகர்களைக் கேட்டிருந்தோம். நீலகிரியிலிருந்தும் பழனி மலையிலிருந்தும் வந்த கடிதங்களுள் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தரப்படுகிறது.

மக்கள் வாங்கினால்தான் நாடு வளரும் என்று பொருளாதார வகுப்பில் கற்பிக்கிறார்கள். அதே கல்லூரியின் சுற்றுச்சூழல் மன்றத்திலோ, நுகர்வே பூமியை அழிக்கிறது என்று உறுதிமொழி எடுக்கிறோம். என் பெற்றோர் சிறு தேயிலை விவசாயிகள். நான் எதை நம்புவது?
— கல்லூரி மாணவி, கோத்தகிரி

இரண்டையும் நம்பலாம். இரண்டுக்கும் சான்று உங்கள் வீட்டைச் சுற்றியே இருக்கிறது.

ஒருவருடைய செலவு மற்றொருவருடைய வருமானம் என்பதுதான் உங்கள் வகுப்புப் பாடத்தின் சாரம். இந்தியாவின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கு, குடும்பங்கள் தங்கள் தேவைகளுக்காகச் செய்யும் செலவாகும். சேலத்திலோ மதுரையிலோ தேநீர்க் கடையில் ஒருவர் கொடுக்கும் காசு, கடைக்காரர், மொத்த வியாபாரி, குன்னூர் ஏலம், தேயிலைத் தொழிற்சாலை என ஒவ்வொரு படியிலும் தேய்ந்து, கடைசியில் பச்சைத் தேயிலைக்கான விலையாக உங்கள் பெற்றோரின் கைக்கு வருகிறது. ஒரு கிலோ தூளுக்கு நான்கு கிலோவுக்கு மேல் பச்சை இலை வேண்டும் என்பதால், கடையில் தூள் விலை கொஞ்சம் அசைந்தாலும் அது தோட்டத்தில் உறைக்கிறது. சோவியத் ஒன்றியம் சிதறி, நம் தேயிலையைப் பெருமளவில் வாங்கிவந்த சந்தை ஆட்டங்கண்டு, தொண்ணூறுகளின் இறுதியில் இலை விலை சரிந்தபோது இந்த மாவட்டத்துச் சிறு விவசாயிகள் பட்டபாட்டை உங்கள் பெற்றோரைக் கேட்டால் சொல்வார்கள். ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் யாரோ தேநீர் வாங்குவதைக் குறைத்தார்கள், இங்கே நகைகள் அடகுக்குப் போயின. 2020-இல் ஊரடங்கின்போதும் இதையே கண்டோம். சாலைகளில் வண்டிகள் இல்லை, காற்று தெளிந்தது, காட்டெருமைகள் கடைவீதியில் நடந்தன என்று பத்திரிகைகள் படம் போட்டு மகிழ்ந்தன. வாடகைக் கார் ஓட்டுபவரும், குதிரை வைத்திருப்பவரும், வர்க்கி சுடும் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தவரும் அந்தப் படங்களில் இல்லை.

இனி உங்கள் மன்றத்தின் உறுதிமொழிக்கு வருவோம். இந்த மலையின் கடந்த இருநூறு ஆண்டு வரலாற்றில் பெரும்பகுதி, பிறருடைய நுகர்வுக்காக இது மாற்றியமைக்கப்பட்ட வரலாறுதான். 1819-இல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறிவந்த பின் உதகையில் குடியேறிய ஆங்கிலேயர்களுக்குக் குளிர்காய விறகு தேவைப்பட்டது. சோலைகள் வெட்டப்பட்டன. சோலை மரம் வளர்ந்து ஆளாகப் பல தலைமுறை பிடிக்கும் என்பதால், விரைவில் வளரும் சீகை (வாட்டில்) மரத்தையும் கற்பூர (யூகலிப்டஸ்) மரத்தையும் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து புல்வெளிகளில் நட்டார்கள். விறகுக்காக வந்த மரங்கள் பிற்காலத்தில் துணிக்கும் உதவின. சிறுமுகையில் பவானி ஆற்றங்கரையில் இருந்த ஆலையில் மரக்கூழிலிருந்து செயற்கைப் பட்டு நூல் எடுத்தார்கள். பளபளப்பான மலிவுத்துணி சமவெளியில் எத்தனையோ ஏழை வீடுகளுக்குத் தீபாவளியைக் கொடுத்தது உண்மை. புல்வெளி போனதும், ஆலைக் கழிவு ஆற்றில் கலந்ததும் அதே அளவுக்கு உண்மை.

பழனி மலைக்கு இதைவிடக் கசப்பான பாடம் கிடைத்தது. எண்பதுகளில் அமெரிக்காவிலிருந்து இடம்பெயர்த்துக் கொடைக்கானலில் நிறுவப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலையின் பொருள்கள் ஏற்றுமதிக்காகவே செய்யப்பட்டன. பாதரசம் கலந்த கண்ணாடி உடைசல்கள் மூஞ்சிக்கல் பழைய பொருள் கடையில் குவிந்து கிடந்தது வெளிச்சத்துக்கு வந்து, 2001-இல் ஆலை மூடப்பட்டது. எங்கோ ஒரு நாட்டில் ஒரு தாய் தன் குழந்தையின் காய்ச்சலை அளந்தாள். அதில் குற்றம் காண எவராலும் முடியாது. ஆனால் அந்த வெப்பமானியின் விலையில் பாம்பாறு சோலையை ஒட்டிய மண்ணைத் தூய்மைப்படுத்தும் செலவும், வேலை செய்தவர்களின் உடல்நலமும் சேர்க்கப்படவில்லை.

நுகர்வு கூடுதலா குறைவா என்று அளப்பதைக் காட்டிலும், அதன் பயன் எவரிடம் போகிறது, சுமை எவர் தலையில் விழுகிறது என்று பார்ப்பதே பயனுள்ளது என்பது என் கருத்து. இரண்டும் ஒரே ஆளிடம் சேரும்போது நுகர்வு பெரும்பாலும் தன்னைத்தானே திருத்திக்கொள்ளும். பிரிந்து நிற்கும்போது வாங்குபவருக்கு நிறுத்தத் தோன்றாது. உங்கள் பேராசிரியரிடம், விலையில் சேராத செலவு தேசிய வருமானக் கணக்கில் எங்கே எழுதப்படுகிறது என்று கேட்டுப் பாருங்கள். நல்ல ஆசிரியராக இருந்தால் மகிழ்ந்துபோவார்.

எங்கள் பாட்டன் காலத்தில் ஹட்டியில் (எங்கள் படகர் ஊரில்) காசு அதிகம் புழங்கவில்லை. கலயமும் கத்தியும் கோத்தர் கொடுத்தார்கள், நெய் தோதவர் கொடுத்தார்கள், நாங்கள் தானியம் கொடுத்தோம். தேவைக்கு மேல் ஒருவரும் சேர்க்கவில்லை. அந்த வாழ்வு இன்றைய நுகர்வு வெறிக்கு மாற்றாகாதா?
— ஓய்வுபெற்ற தபால் ஊழியர், கேத்தி

ஐயா, தாங்கள் குறிப்பிடும், நீலகிரி மலைக்குடிகளுக்கிடையிலான கொடுக்கல் வாங்கல் முறை மானிடவியலார் வியந்து எழுதிய ஒன்று. படகர் சாமையும் கேழ்வரகும் விளைவித்தார்கள். தோதவரின் எருமைகள் பாலும் நெய்யும் தந்தன. கோத்தர் இரும்புக் கருவியும் மண்பாண்டமும் செய்து, சாவு வீட்டில் இசையும் வாசித்தார்கள். குறும்பர் தேனும் காட்டுப் பொருள்களும் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு படகர் குடும்பத்துக்கும் இன்ன கோத்தர் குடும்பம் என்று உறவு பரம்பரையாகத் தொடர்ந்தது. பாத்திரம் உடைந்தால் செய்தவரிடமே போய் நிற்கலாம். செய்தவருக்கும், தன் பொருளைப் பயன்படுத்துபவரின் முகம் தெரியும். பயனும் சுமையும் கண்ணுக்கெட்டிய தொலைவுக்குள் இருந்ததால், பொருளும் நீடித்து உழைத்தது.

ஆனாலும் அதை முழுக்க மெச்சிவிட எனக்கு மனம் வரவில்லை. அந்த முறையில் கோத்தர் மற்றவர்களுக்குக் கீழாக நடத்தப்பட்டார்கள். இசைக்க விருப்பமில்லை என்று சொல்லும் உரிமை அவர்களுக்கு எளிதில் கிடைக்கவில்லை. குறும்பரை மாந்திரீகர் என்று அஞ்சி ஒதுக்கி, சிற்சில சமயங்களில் கொன்றதும் இதே மலையில்தான். யாரிடம் வாங்குவது, யாருக்கு விற்பது என்பதைப் பிறப்பே தீர்மானித்தது. உருளைக்கிழங்கும் தேயிலையும் காசாக மாறி, அந்தக் காசு சந்தையில் எவரிடமும் எதையும் வாங்கலாம் என்ற நிலையைக் கொடுத்தபோது, 1930-களுக்குள் பழைய முறை பெரும்பாலும் தளர்ந்துவிட்டது. கடைக்காரர் காசைத்தான் பார்ப்பார், குலத்தைக் கேட்கமாட்டார் என்பது நுகர்வுச் சந்தையின் பெரிய நன்மை. கண்டிப்பவர்கள் இதை எளிதில் மறந்துவிடுகிறார்கள். (எல்லாக் கடைகளிலும் அப்படித்தானா என்று கேட்டால், நானும் தாங்களும் கொஞ்சம் சிரித்துக்கொள்ள வேண்டியதுதான்.)

திரும்பிப் போக முடியாவிட்டாலும், எடுத்துக்கொள்ளத்தக்க ஒன்று அதில் உண்டு. செய்தவரிடமே பழுது பார்க்கக் கொடுக்கும் வழக்கம் அது. பொருளைப் பழுது பார்ப்பதற்கான உதிரிபாகமும் விவரமும் வாங்கியவருக்குக் கிடைக்க வேண்டும் என்ற கோரிக்கை இன்று பல நாடுகளில் சட்டமாகிவருகிறது. இதற்கு நேர்மாறான ஒன்றும் வரலாற்றில் உண்டு. 1924-இல் ஜெனிவாவில் கூடிய மின்விளக்கு உற்பத்தியாளர்கள், ஒரு பல்பு ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் எரியலாகாது என்று தங்களுக்குள் ஒப்பந்தம் செய்துகொண்டு, மீறியவர்களுக்கு அபராதமும் விதித்தார்கள். தங்கள் பாட்டனாருக்குக் கத்தி அடித்துக் கொடுத்தவர், அடுத்த வாரமே உடையும்படி அதை அடித்திருந்தால், மறுநாள் முகத்தில் விழித்திருக்க முடியாது.

சீசனில் வரும் பயணிகள் புட்டிகளையும் தின்பண்ட உறைகளையும் வீசிவிட்டுப் போகிறார்கள். அவர்களால்தான் எங்களுக்கு வருமானமும் வருகிறது. எப்படிக் கண்டிப்பது?
— தங்கும் விடுதி நடத்தும் பெண்மணி, குன்னூர்

ஊரான் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்று ஒரு பழமொழி உண்டல்லவா, அதுதான் இங்கே நடக்கிறது. பயணிக்கு மலை ஒரு வார விடுமுறைப் பொருள். குப்பை அவர் ஊர் போய்ச் சேர்ந்த பிறகுதான் கிடங்குக்குப் போகிறது. கண்டிப்பதாலோ, பெயர்ப்பலகை வைப்பதாலோ இது மாறும் என்று நான் நம்பவில்லை. ‘தயவுசெய்து குப்பை போடாதீர்’ என்ற பலகையின் அடியிலேயே குப்பை கிடப்பதைத் தாங்கள் நாள்தோறும் பார்க்கிறீர்கள்.

மாறியதற்கு ஓர் எடுத்துக்காட்டு நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. காட்டோரங்களில் வீசப்பட்ட மதுப்புட்டிகள் உடைந்து யானைகளின் பாதங்களைக் கிழித்தன. வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. நீதிமன்றம் சொன்னபடி 2022 மே மாதம் முதல் நீலகிரியின் அரசு மதுக்கடைகளில் ஒவ்வொரு புட்டிக்கும் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் புட்டியைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பத்து ரூபாயைத் திருப்பித் தரும் முறை வந்தது. பெரும்பாலான புட்டிகள் கடைக்கே திரும்பின. பிற மாவட்டங்களுக்கும் திட்டம் நீட்டிக்கப்பட்டது. குடித்தவர்களுக்குத் திடீரென்று யானைமேல் அன்பு பிறந்துவிடவில்லை. புட்டியை வீசினால் பத்து ரூபாய் போகும், அவ்வளவுதான். அவர் வீசினாலும், அதைப் பொறுக்கிக் கொண்டுவந்து கொடுப்பவருக்கு அந்தப் பணம் கிடைக்கும். முன்பு யானை செலுத்திய விலை, இப்போது வாங்குபவரின் பையிலேயே பிணையாக நிற்கிறது.

இந்த மாவட்டம் நெகிழிப் பைகளுக்கு எதிராக 2000-ஆம் ஆண்டையொட்டியே இயக்கம் நடத்தியது. மாநிலம் முழுவதுக்கும் ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிக்கான தடை 2019 ஜனவரி 1-இல்தான் வந்தது. நீலகிரியில் சிறிய தண்ணீர்ப் புட்டிகளுக்குத் தடை விதித்துக் குடிநீர் ஏடிஎம்களையும் வைத்தார்கள். தடை மட்டும் போட்டுவிட்டு மாற்று வழி தராமலிருந்தால், பொருள் கடைக்குப் பின்புறம் போய்விடும். எனவே ஏடிஎம் வைத்தது சரியான முடிவு, அவற்றில் தண்ணீர் வருகிறதா என்று தொடர்ந்து பார்ப்பதுதான் கடினம். சிப்ஸ் உறைகளுக்கு இன்னும் நல்ல வழி பிறக்கவில்லை. பல அடுக்குகளை ஒட்டிச் செய்த அந்த உறையைப் பிரித்து மறுசுழற்சி செய்வது கட்டுப்படியாகாத வேலை என்பதால், பழைய பொருள் வாங்குபவரும் அதைத் தொடுவதில்லை.

2024 மே 7 முதல் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்திருப்பது எண்ணிக்கையை அறிய உதவும். ஆனால் வருகிற வண்டிகளைக் குறைப்பதும், வந்தவர் தம் குப்பைக்குப் பொறுப்பேற்பதும் வெவ்வேறு காரியங்கள். தங்கள் விடுதியில் மதுக்கடையின் வழியையே சிறிய அளவில் செய்து பாருங்கள். அறை தரும்போது ஒரு தொகையைப் பிணையாக வாங்கி, பயணி தம் குப்பையைப் பிரித்துக் கொடுத்துவிட்டுப் போகும்போது திருப்பித் தரலாம். முகம் சுளிப்பவர்கள் சிலர் இருப்பார்கள். அவர்கள் அடுத்த விடுதிக்குப் போனால் தங்களுக்குப் பெருக்கும் வேலை மிச்சம்.

என் தந்தை உதகை ஃபிலிம் தொழிற்சாலையில் வேலை செய்தவர். மக்கள் செல்பேசியில் படமெடுக்கத் தொடங்கியதும் எங்கள் குடியிருப்பே வெறிச்சோடியது. வாங்குபவரின் விருப்பம் மாறியதற்குத் தொழிலாளி ஏன் தண்டனை பெற வேண்டும்?
— ஒரு வாசகர், உதகமண்டலம்

1960-இல் பொதுத்துறையில் நிறுவப்பட்ட அந்த ஆலை, எக்ஸ்ரே ஃபிலிம், திரைப்படச் சுருள், கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தாள் என்று நாட்டின் பெருந்தேவையை நிறைவேற்றியது. தூசியற்ற குளிர்ந்த மலைக்காற்று அதற்கு ஏற்றதாக இருந்தது. கடனும், தாராளமயத்துக்குப் பின் வந்த இறக்குமதிப் போட்டியும் அதை முன்பே தள்ளாட வைத்துவிட்டன. எண்ணிம (டிஜிட்டல்) புகைப்படம் கடைசி அடியைக் கொடுத்தது.

செல்பேசிப் படத்தால் விளைந்த நன்மை சிறிதல்ல. முன்பு ஒரு ஏழைக் குடும்பத்தில் திருமணத்தன்று எடுத்த ஒரே படம் சுவரில் தொங்கும். இறந்தவரின் முகத்தை நினைவுகூர ரேஷன் அட்டையைத் தேட வேண்டியிருக்கும். இன்று படம் எடுப்பதற்குக் காசே இல்லை. வெள்ளி உப்பும் கழுவும் இரசாயனமும் தேவையில்லாமல் போனதையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் கவனியுங்கள்: இந்த நன்மை கோடிக்கணக்கானவர்களுக்கு ஆளுக்குச் சில நூறு ரூபாய் மிச்சமாகப் பரவியது. நட்டமோ சில ஆயிரம் குடும்பங்களின்மேல், வேலை, வீடு, பிள்ளைகளின் பள்ளி என்று முழுவதுமாக இறங்கியது. எல்லா நுகர்வு மாற்றங்களிலும் இதே கணக்குதான் திரும்பத் திரும்ப வருகிறது. நன்மை பெற்றவர்கள் கூட்டாகக் கொடுக்க வேண்டிய ஈடு, மறுபயிற்சியாகவோ ஓய்வூதியமாகவோ வர வேண்டும். அதை வரிப்பணத்திலிருந்து செய்வதற்கென்றே அரசு இருக்கிறது. தங்கள் தந்தையாருக்கு விருப்ப ஓய்வுத் தொகை கிடைத்திருக்கலாம். அது ஈடாகுமா என்றால், என் விடை இல்லை என்பதே.

வட்டியில்லாத் தவணையில் விலையுயர்ந்த செல்பேசி வாங்கலாமா? நண்பர்கள் எல்லோரிடமும் இருக்கிறது.
— இளைஞர், கொடைக்கானல்

வட்டியில்லாக் கடன் என்று ஒன்று கிடையாது என்பதால்தான், வங்கிகள் அந்தப் பெயரில் விற்பதை 2013-இலேயே ரிசர்வ் வங்கி தடுத்தது. இப்போது வட்டி, பொருளின் விலையிலோ, கைவிடப்பட்ட தள்ளுபடியிலோ, செயலாக்கக் கட்டணத்திலோ ஒளிந்திருக்கும். ரொக்கமாகக் கொடுத்தால் என்ன விலை என்று முதலில் கேளுங்கள். ரொக்கத்துக்கு 22,000, தவணைக்கு மாதம் 2,000 வீதம் பன்னிரண்டு மாதம் என்றால், 2,000 ரூபாய் வட்டி கொடுக்கிறீர்கள். மாதந்தோறும் அசல் குறைந்துகொண்டே வருவதால் ஆண்டு வட்டி 16 விழுக்காட்டைத் தாண்டுகிறது. நண்பர்களிடம் இருப்பதைப் பற்றி: பிறர் பார்க்க வேண்டும் என்பதற்காகச் செலவிடும் வழக்கத்தை அமெரிக்க அறிஞர் தார்ஸ்டீன் வெப்லன் 1899-இலேயே விரிவாக ஆராய்ந்தார். அவர் கண்ட சிக்கல், எல்லோரும் வாங்கிவிட்டால் எவருக்கும் பெருமை மிஞ்சாது, தவணை மட்டும் மிஞ்சும் என்பது.

நான் தேயிலை பறிக்கப் போகிறேன். துணி துவைக்கும் இயந்திரம் வாங்க ஆசை. சோம்பேறித்தனம் என்கிறார் மாமியார். ஆடம்பரம் என்கிறார் கணவர். தங்கள் கருத்து?
— ஒரு சகோதரி, கூடலூர்

வாங்குங்கள் அம்மா. நாள் முழுதும் சரிவில் நின்று இலை பறித்துவிட்டு, ஐப்பசிக் குளிரில் கம்பளியைக் கையால் பிழிவது உழைப்பின் பெருமை என்று சொல்பவர், அதை ஒருமுறையேனும் பிழிந்து பார்க்க வேண்டும். இந்தியக் கிராமக் குடும்பச் செலவில் உணவின் பங்கு 1999-2000-இல் ஏறத்தாழ 59 விழுக்காடாக இருந்து, 2022-23 கணக்கெடுப்பில் 46 விழுக்காடாகக் குறைந்திருக்கிறது. வயிற்றுக்குப் போக மீந்த பணம் சமையல் வாயுவாகவும், மருந்தாகவும், பிள்ளை படிப்பாகவும், இத்தகைய இயந்திரமாகவும் மாறுவது நுகர்வின் மிக நல்ல பக்கம். விறகு பொறுக்கக் காட்டோரம் போய் யானையிடம் மாட்டிக்கொண்ட பெண்களை உங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். வாயு உருளை வந்த வீட்டில் அந்த அச்சமும் புகையும் குறைந்தன. அதையும் முதலில் ஆடம்பரம் என்றுதான் சொன்னார்கள்.

எதை வாங்குவது என்பதில் மட்டும் நிதானம் தேவை. குழாயில் தண்ணீர் விட்டு விட்டு வரும் வீட்டுக்கு முழுத் தானியங்கி ஒத்துவராது. வாளியில் ஊற்றிக்கொள்ளக்கூடிய, இரண்டு தொட்டிகள் கொண்ட பகுதித் தானியங்கி போதும், விலையும் குறைவு. கூடலூர் மழையில் துணி உலர்வதுதான் பெரிய பாடு என்பதால், சுழற்றிப் பிழியும் தொட்டி நன்றாக இருக்கிறதா என்று கடையிலேயே ஓடவிட்டுப் பாருங்கள். மின்சேமிப்பு நட்சத்திரக் குறியைக் கவனியுங்கள். ரசீதையும் உத்தரவாத அட்டையையும் கடை முத்திரையோடு வாங்கி வையுங்கள். தகராறு வந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் எண்ணில் தமிழிலேயே பேசலாம், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு வழக்குக் கட்டணமும் இல்லை. சோப்பு நீரை ஓடைக்கு விடாமல் வாய்க்கால் வெட்டிக் கல்வாழை, சேம்பு நட்ட பாத்திக்குத் திருப்பினால் கீழ்வீட்டாரின் ஊற்று கெடாது. பிழிந்த துணியைக் கொடியில் போடும் வேலையை, ஆடம்பரம் என்று சொன்னவரிடம் ஒப்படைக்கலாம்.